மடித்த நிரலும் திறக்கும் உரிமையும்

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்து, அவர் மறுபடி பேப்பர் படிக்கத் தொடங்கிவிட்டார் என்பதை அறிந்து மனம் நிறைந்தது. இங்கே எல்லோரும் நலம். பெரியவள் பிளஸ் டூ தேர்வுக்குப் படிப்பதால் வீட்டில் டிவிக்கு ஓய்வு.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு உங்கள் பழைய கணினி நிரலை எப்படிப் படிக்கக் கொடுப்பது என்று கேட்டிருந்தாய். நிரல் எழுத நீ இன்னும் விம் எடிட்டரைத்தானே வைத்திருக்கிறாய்? வழி அதிலேயே இருக்கிறது. டூஹெச்டிஎம்எல் (:TOhtml) கட்டளையைக் கொடுத்தால், திரையில் தெரியும் நிரலை அதே வண்ணங்களோடு வலைப்பக்கமாக எழுதிக் கொடுத்துவிடும். ஆனால் சும்மா கொடுத்தால், நீ மடித்து, அதாவது பல வரிகளை ஒரே வரியாகச் சுருக்கி, வைத்திருந்த பகுதிக்குப் பதிலாக ‘+-- 45 வரிகள்’ என்பது போல ஒற்றை வரிதான் பக்கத்தில் ஏறும். உள்ளே இருந்த நிரல் அந்தக் கோப்பில் இருக்கவே இருக்காது. படிப்பவர் எங்கே தட்டினாலும் திறக்காது. எதைப் பார்க்கலாம் என்று நாமே தீர்மானித்துப் பூட்டிவிடுவதுதான் எனக்கு ஒப்பாத விஷயம்.

டைனமிக் ஃபோல்ட்ஸ் என்ற அமைப்பை 1 என்று வைத்துவிட்டு அதே கட்டளையைக் கொடுத்துப் பார். இப்போது மூடிய வரி, முழு நிரல் இரண்டுமே பக்கத்தில் இருக்கும். இடது ஓரத்தில் உள்ள கூட்டல் குறியைத் தட்டினால், பக்கத்திலேயே இயங்கும் சிறிய ஜாவாஸ்கிரிப்ட் நிரல் ஒன்று அந்த மடிப்பின் வகுப்புப் பெயரை (திறந்ததா, மூடியதா என்ற அடையாளத்தை) மட்டும் மாற்றும். எதைக் காட்டுவது, எதை மறைப்பது என்பதை, பக்கத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் சிஎஸ்எஸ் பார்த்துக்கொள்ளும். மடிப்புக்குள் மடிப்பு இருந்தால், வெளியே உள்ளதை மூடித் திறந்தாலும் உள்ளே உள்ளது விட்ட நிலையிலேயே இருக்கும். எத்தனை நேர்த்தியான வேலை!

வரி எண்களையும் சேர்த்துக்கொள். பக்க முகவரியின் முடிவில் வரி எண்ணைக் குறித்து அனுப்பினால், அந்த வரி மூடிய மடிப்புக்குள் இருந்தாலும் தானே திறந்து அங்கே கொண்டுபோய் நிறுத்தும். ‘இந்த வரியைப் பார்’ என்று புதியவர்களுக்குச் சொல்ல இதைவிட வசதி வேறில்லை. நிரலை நகலெடுக்கும்போது எண்களும் கூட்டல் குறிகளும் கூடவே ஒட்டிக்கொண்டு வராமல் தடுக்கவும் தனி அமைப்பு உண்டு.

எங்கே மடிப்பது என்பதில்தான் உன் உழைப்பு வேண்டும். நிரல் மொழியின் இலக்கணப்படி தானாக மடித்தால் ஒவ்வொரு செயற்கூறும் (ஃபங்ஷன்) மடிந்துவிடும்; படிப்பவருக்கு அதனால் பெரிய உதவி இல்லை. மூன்று நெளிவு அடைப்புக்குறிகளை ({{{) இட்டு நீயே பிரி. குறிக்கு முன்னால் நீ எழுதும் சொற்கள்தான் மூடிய வரியில் தெரியும். ‘உதவிச் செயல்கள்’ என்று எழுதாதே. ‘தேதியைச் சரிபார்த்தல், லீப் ஆண்டு உட்பட’ என்று எழுது. திறக்கலாமா வேண்டாமா என்பதை அந்த ஒரு வரியை வைத்தே படிப்பவர் முடிவு செய்ய வேண்டும்.

விம் இல்லாமல் கையாலேயே பக்கம் எழுதுவதாக இருந்தால், வலைப்பக்கம் எழுதும் மொழியான எச்டிஎம்எல்லில் உள்ள டீட்டெய்ல்ஸ், சம்மரி என்ற இரண்டு குறிச்சொற்கள் போதும், ஜாவாஸ்கிரிப்ட் தேவையில்லை. 2020 முதல் முக்கிய பிரௌசர்கள் எல்லாவற்றிலும் வேலை செய்கின்றன. அச்சிடுவதற்கு முன் எல்லாவற்றையும் திறந்து வைக்கச் சொல், இல்லாவிட்டால் தாளில் தலைப்பு மட்டுமே வரும்.

முதலில் ஒரு கோப்பில் குறிகளை இட்டு எனக்கு அனுப்பு. மூடிய வரிகளை மட்டும் படித்துவிட்டு, எங்கே புரியவில்லை என்று எழுதுகிறேன். தங்கையின் திருமணத் தேதி முடிவானதும் தெரிவி, உடனே டிக்கெட் எடுக்க வேண்டும்.

அன்புடன்,
முரளி