வளைவில் கல் வைத்த பெரியவருக்கு நன்றி

ஏற்காட்டிலிருந்து சேலம் இறங்கும் வழியில், பிரேக் சூடேறிப் புகைந்து நின்ற வேனுக்குக் கைகொடுத்த பெரியவரே, உங்கள் பேர் தெரியாது. 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் தினமும் ஏறி இறங்கும் எங்கள் எல்லார் சார்பிலும் நன்றி.

உள்ளே இருந்தவர்கள் அலறினார்கள். உங்கள் குரல் மட்டும் உயரவே இல்லை. அந்த நிதானம்தான் பாதி வேலையை முடித்தது. முதலில் முன்சக்கரம் இரண்டுக்கும் இறக்கப் பக்கம் கல். அப்புறம் ஆட்களை மலைச்சுவர் ஓரமாக நிறுத்தினீர்கள், பள்ளத்துப் பக்கம் ஒருவரும் போகவில்லை. சக்கரத்தில் தண்ணீர் ஊற்றப் போன பையனின் கையை மெல்லப் பிடித்தீர்கள். கொதிக்கும் பிரேக் டிரம்மில், அதாவது சக்கரத்துக்குள் இருக்கும் இரும்பு உருளையில், தண்ணீர் பட்டால் வெடிப்பு விடும். தானாக ஆறத்தான் வேண்டும், அரை மணி நேரம் ஆனாலும்.

ஓட்டுநரைத் திட்டாமல் நீங்கள் சொன்னதை இங்கே எழுதி வைக்கிறோம். ஏறின கியரிலேயே இறங்கு. காலை எடுக்காமல் மிதித்துக்கொண்டே வந்தால் டிரம்மில் உரசி வண்டியை நிறுத்தும் லைனிங் பட்டையின் பிடிப்பு போகும், பிரேக் ஆயில் கொதித்துக் குமிழி விடும், பெடல் தரையைத் தொடும். அழுத்தி மிதி, வேகம் குறைந்ததும் விட்டுவிடு. நியூட்ரல் கூடவே கூடாது. ஆறின பிறகும் பெடல் தரைவரை அமுங்கினால் வண்டியை எடுக்காதே, மெக்கானிக்கைக் கூப்பிடு.

வேன் கிளம்பியதும் அந்தக் கற்களை நீங்களே ஓரமாகத் தூக்கிப் போட்டீர்கள், பின்னால் வரும் பைக்காரர் விழக்கூடாதென்று. டீக்குக்கூட நிற்கவில்லையே ஐயா.