மழைநீர் தேங்கி அழுகிவரும் கோல்ஃப் கிரீன்கள் குறித்துப் புகார்

மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். திருமங்கலம் அருகே குடும்ப நிலத்தில், என் பிழைப்புக்காக நானே நடத்திவரும் கோல்ஃப் பயிற்சித் திடலில் தாங்கள் அமைத்துக் கொடுத்த கிரீன்கள், அதாவது பந்தைக் குழிக்குள் உருட்டிவிடும் குட்டைப் புல்தரைகள், ஐப்பசி மழை தொடங்கியதிலிருந்து குளமாகக் கிடக்கின்றன. தொலைபேசியிலும் நேரிலும் முறையிட்டு ஓய்ந்துபோன பிறகே இதை எழுதுகிறேன்.

மதுரைப் பக்கத்துக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெருமழை என்பதும், இங்கே இருப்பது நீரை எளிதில் கீழே விடாத கரிசல் என்பதும் நிலத்தைப் பார்வையிட்ட தங்கள் பொறியாளர் அறிந்தவையே. அதற்காகத்தான் அமெரிக்க கோல்ஃப் சங்கத்தின் முறைப்படி 30 செ.மீ. மணல், அதன் அடியில் 10 செ.மீ. சரளை, அதற்கும் கீழே துளையிட்ட வடிகால் குழாய்கள் என்று தாங்களே வரைந்து கொடுத்தீர்கள். அந்த மணல் மணிக்கு 15 செ.மீ. நீரையாவது உள்வாங்க வேண்டும். இங்கோ ஒரு நாள் பெய்த மழை மறுநாளும் வடியாமல் நிற்கிறது. ஓரத்தில் தோண்டிப் பார்த்தேன். கழுவிச் சலித்த மணல் இருக்க வேண்டிய இடத்தில் தூசி நிறைந்த எம்-சாண்ட் இருந்தது. அந்தத் தூசி மணலின் இடைவெளிகளை அடைத்துவிட்டால் குழாய் இருந்தும் பயனில்லை என்பதை நான் தங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் தங்கள் வாடிக்கையாளர் சேவைப் பெண்மணியோ, "மழை பெய்தால் தண்ணீர் நிற்கத்தான் செய்யும், புல்லுக்கு நல்லதுதானே சார்" என்று சொல்லி, நான் பேசிக்கொண்டிருக்கும்போதே இணைப்பைத் துண்டித்தார். நல்லதா? வேருக்குக் காற்று கிடைக்காமல் புல் அழுகுகிறது, பாசி படர்கிறது, பித்தியம் அழுகல் நோய் வந்தால் பெர்முடா புல் முழுவதும் போய்விடும். அடுத்து பேசியவர் உருளை ஓட்டிச் சமப்படுத்தச் சொன்னார். ஊறிய தரையில் உருளை ஓட்டினால் மணல் மேலும் இறுகும் என்பதுகூடத் தெரியாதவரை எப்படித் தொழில்நுட்பப் பிரிவில் வைத்திருக்கிறீர்கள்? நான் புல் வெட்டும் உயரத்தைக் கூட்டி, யாரையும் மேலே நடக்கவிடாமல், ரப்பர் துடைப்பானால் நீரை இழுத்துத் தள்ளிக்கொண்டிருக்கிறேன்.

கோவைக் கிளைக்கு மண் மாதிரியுடன் வரச் சொன்னதும் தாங்கள்தான். ஈர மண்ணைச் சுமந்துகொண்டு ஆரப்பாளையத்தில் விடியற்காலைப் பேருந்து ஏறி வந்த என்னை மாலைவரை வாசலில் உட்கார வைத்துவிட்டு, அந்த அதிகாரி விடுப்பில் இருப்பதாகச் சொல்லி அனுப்பினார்கள். மண்ணை வாங்கி வைக்கக்கூட ஒருவரும் முன்வரவில்லை. அந்தப் பெண்மணி துண்டித்த இணைப்பையாவது மறப்பேன், இதை மறக்க மாட்டேன். என் வாழ்நாள் சேமிப்பு முழுவதும் நீரில் கரைகிறது. மதுரை வட்டாரத்தில் இனி ஒருவரும் என் திடலை மதிக்க மாட்டார்கள்.

தங்கள் நிறுவனத்தின் மீது இன்னும் நம்பிக்கை வைத்தே கேட்கிறேன். உடனே பொறியாளரை அனுப்பி வடிகால் குழாய்களைச் சோதியுங்கள். மணலை ஆய்வகத்தில் பரிசோதித்து, மழைக்காலம் முடிந்ததும் தங்கள் செலவில் மாற்றி, புதிய புல் பதித்துத் தாருங்கள். பதினைந்து நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடுப்பேன். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இலும் புகார் பதிவு செய்வேன். தோண்டி எடுத்த மணலின் படங்களை இத்துடன் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
பயிற்சித் திடல் உரிமையாளர்,
திருமங்கலம், மதுரை மாவட்டம்