லாங் ஷாஃப்டுக்குப் பணம் வாங்கிக்கொண்டு ஷார்ட் ஷாஃப்ட் மோட்டார் மாட்டிவிட்டுப் போனது பற்றிய புகார்

அனுப்புநர்:
பாய்மரப் படகு உரிமையாளர்,
சத்துவாச்சாரி, வேலூர்.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
அவுட்போர்டு மோட்டார் விற்பனை மற்றும் சர்வீஸ்,
சென்னை.

பொருள்: 6 ஹெச்.பி. நான்கு ஸ்ட்ரோக் அவுட்போர்டு மோட்டார் (படகின் பின்பலகையில் வெளியே மாட்டுவது). தவறான ஷாஃப்ட் அளவு, அதனால் எரிந்துபோன இம்பெல்லர் (இன்ஜினைக் குளிரவைக்கும் தண்ணீர்ப் பம்பின் ரப்பர் சக்கரம்), மறுக்கப்பட்ட வாரண்டி.

ஐயா,

வணக்கம். போனில் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒருவர் எடுக்கிறார், "முதல்ல இருந்து சொல்லுங்க" என்கிறார், பாதிக் கதையில் லைன் கட்டாகிறது. அதனால் எழுத்தில் தருகிறேன். இதன் நகல் என்னிடம் இருக்கிறது, ஸ்பீட் போஸ்ட் ரசீதும் இருக்கும்.

நாங்கள் ஆர்டர் கொடுத்தது 20 அங்குல லாங் ஷாஃப்ட், அதாவது ப்ரொப்பல்லரைத் தாங்கும் கால் நீளமாக இருக்கும் மோட்டார். ஆர்டர் படிவத்தில் அப்படித்தான் இருக்கிறது. இன்வாய்ஸிலும் மாடல் எண்ணின் கடைசி எழுத்து 'எல்'. ஆனால் படகில் மாட்டியிருப்பது 15 அங்குல ஷார்ட் ஷாஃப்ட். க்ளாம்ப் ப்ராக்கெட், பின்பலகை மேல் உட்காரும் இடத்திலிருந்து ப்ரொப்பல்லருக்கு மேலே இருக்கும் தட்டு வரைக்கும் டேப் வைத்தால் 508 மில்லிமீட்டர் வர வேண்டும். வருவது 381. போட்டோ இணைத்திருக்கிறேன், டேப்பின் எண்கள் தெளிவாகத் தெரியும். இதில் வாதம் செய்ய என்ன இருக்கிறது?

பெட்டியை நாங்கள் பிரிக்கவில்லை. "எங்க டெக்னீஷியன் வந்துதான் பிரிக்கணும், நீங்க பிரிச்சா வாரண்டி போயிடும்" என்று எழுதியே கொடுத்தீர்கள். புதுச்சேரிக்கு வந்து பிரித்தவர் உங்கள் ஆள். க்ளாம்ப் திருகுகளை இறுக்கி, பாதுகாப்புக் கயிறு கட்டி, டிரம் தண்ணீரில் ஓட்டிக் காட்டி, எல்லாம் சரி என்று கையெழுத்துப் போட்டவரும் அவரே. டிரம்மில் எந்த ஷாஃப்டும் ஓடும். கடலில்தான் வித்தியாசம் தெரியும்.

அந்த வித்தியாசம் என்ன என்பதை உங்கள் நிறுவனத்துக்கு நான் எழுதிச் சொல்ல வேண்டியிருப்பதே எனக்குத் தாங்கவில்லை. பாய்மரப் படகின் பின்பலகை உயரம். ப்ரொப்பல்லருக்கு மேலுள்ள தட்டு, படகின் அடிமட்டத்துக்கு ஒரு அங்குலமாவது கீழே இருக்க வேண்டும். பாய் இறக்க, நங்கூரம் எடுக்க ஓரிருவர் முன்பக்கம் போனாலே பின்பக்கம் தூக்கும். அலை அடியில் நழுவும்போது இன்னும் தூக்கும். ஷாஃப்ட் 5 அங்குலம் குட்டையாக இருந்தால் ப்ரொப்பல்லர் காற்றை உறிஞ்சும், இன்ஜின் கத்தும், படகு நகராது. அது பாதிக் கேடுதான். தண்ணீர் உறிஞ்சும் துளையும் மேலே வந்துவிடுவதால் பம்புக்குள் தண்ணீருக்குப் பதில் காற்று போகும். ரப்பர் இம்பெல்லருக்குத் தண்ணீர்தான் மசகு. தண்ணீர் இல்லாமல் சுற்றினால் நிமிடக்கணக்கெல்லாம் தாங்காது.

இவ்வளவையும் உங்கள் கால் சென்டரில் பேசியவரிடம் பொறுமையாகச் சொன்னோம். அவர் சொன்ன பதில்: "வேலூர்ல ஏது சார் கடலு? பாலாத்துலயே தண்ணி இல்ல, அங்க எதுக்கு சார் போட் மோட்டார்?" சொல்லிவிட்டுச் சிரித்தார். பக்கத்தில் இன்னொருவர் சிரித்ததும் கேட்டது. அதற்குப் பிறகு, "லாங்கா இருந்தா என்ன, ஷார்ட்டா இருந்தா என்ன, சுத்துது இல்ல?" என்றார்.

ஐயா, வேலூர்க்காரன் கடலுக்குப் போகக் கூடாதா? அந்தப் பாலாறு சதுரங்கப்பட்டினத்துக்குத் தெற்கே வயலூர்ப் பக்கம் கடலில்தான் சேர்கிறது. நாங்கள் போகும் பாதை அந்த முகத்துவாரத்துக்கு வெளியேதான். வண்டியில் இழுத்துப் போகிற படகு இது. புதுச்சேரிக்கும் சென்னைக்கும் நாங்கள் கொண்டுபோகும் தூரம் உங்கள் டெலிவரி வேன் வரும் தூரம்தான். பணம் வாங்கும்போது வேலூர் என்று தெரியாமலா வாங்கினீர்கள்? அந்தக் குரல் இன்னும் காதிலேயே இருக்கிறது. உங்கள் பதிவில் அந்த உரையாடல் இருக்கும், தயவுசெய்து நீங்களே ஒருமுறை கேளுங்கள்.

இந்த மோட்டாரை வாங்கியது மூன்று குடும்பங்களின் கோடைப் பயணத்துக்காக. எங்கள் படகு ஒன்று, நண்பர்கள் படகு இரண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலில் இருக்காது, பிள்ளைகளுக்கும் பள்ளி லீவு. இரண்டும் சேரும் நாட்கள் இவை மட்டும்தான். கோடையில் நீரோட்டமும் தெற்கிலிருந்து வடக்கே ஓடும், பிற்பகல் கடல்காற்றும் தென்கிழக்கிலிருந்து வரும். ஆகவே புதுச்சேரியில் கிளம்பி, மரக்காணம், ஆலம்பரை, மாமல்லபுரம், கோவளம் தாண்டிச் சென்னை என்று வடக்கு நோக்கித்தான் போவது. மொத்தம் ஏறக்குறைய 75 கடல் மைல். பாய்க்குச் சாதகமான பாதை. அப்புறம் மோட்டார் எதற்கு என்று அந்த ஆளைப் போலவே நீங்களும் கேட்டுவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். விடியற்காலையில் கரைக்காற்று இருக்கும். வெயில் ஏற ஏற அது செத்துவிடும். கடல்காற்று எழுந்திருக்கப் பகல் பதினொன்று, பன்னிரண்டு ஆகும். நடுவில் உள்ள அந்த நேரத்தில் பாய் துணியாகத் தொங்கும், படகு நீரோட்டத்தின் கையில் இருக்கும். கரை பக்கத்தில், வலை மிதவைகள் பக்கத்தில், குழந்தைகள் படகில். அதற்குத்தான் மோட்டார். அடுத்தது முகத்துவாரம். புதுச்சேரி முகத்துவாரத்தில் மணல் சேர்ந்து அலை உடையும். அந்த இடத்தில் ப்ரொப்பல்லர் ஒரு முறை காற்றைப் பிடித்தால் படகு குறுக்கே திரும்பும், அடுத்த அலை பக்கவாட்டில் விழும். உயிர் விஷயம் இது. மூன்று குடும்பத்தின் உயிரோடு விளையாடியிருக்கிறீர்கள் என்றுதான் சொல்வேன்.

மரக்காணத்துக்கு வெளியே காற்று நின்ற நேரத்தில் மோட்டாரை எடுத்தோம். தெற்கிலிருந்து வந்த பழைய அலையில் பின்பக்கம் ஏறி ஏறி இறங்கியது. பக்கவாட்டில் பீய்ச்சும் குளிர்நீர்த் தாரை முதலில் விட்டுவிட்டு வந்தது, பிறகு வெறும் ஆவி வந்தது. உடனே அணைத்தாயிற்று. நண்பர் படகு கயிறு போட்டு இழுத்தது. கயிற்றை முன்முனைக் கொக்கியில் கட்டினால் பிடுங்கிக்கொண்டு வரும் என்று பாய்மரத்தின் அடியில் சுற்றிக் கட்டி, இரண்டு படகும் ஒரே நேரத்தில் அலை ஏறும்படி கயிற்றின் நீளத்தைச் சரி செய்து, நீரோட்டத்துக்கு எதிராகப் புதுச்சேரிக்கே திரும்ப வேண்டியதாயிற்று. பாதி வேகம்கூட வரவில்லை. எங்களால் மற்ற இரண்டு படகுகளின் பயணமும் போனது. அதற்கு யார் பொறுப்பு?

தயவுசெய்து அடுத்ததைக் கவனமாகப் படியுங்கள். உங்கள் சர்வீஸ் ரிப்போர்ட்டில் "உப்புநீர் உபயோகம், ஃப்ளஷ் செய்யாததால் பழுது, வாரண்டி பொருந்தாது" என்று இருக்கிறது. கடலுக்கென்று விற்கிற மோட்டாரில் உப்புநீர் உபயோகம் குற்றமா? ஃப்ளஷ் செய்யாவிட்டால், அதாவது நல்ல தண்ணீர் விட்டு உள்ளே கழுவாவிட்டால், என்ன ஆகும் என்பது எங்களுக்குத் தெரியும். உப்புப் படிந்து நீர்ப்பாதை அடைக்கும், தெர்மோஸ்டாட் (சூட்டுக்கு ஏற்பத் திறந்து மூடும் வால்வு) ஒட்டிக்கொள்ளும். அதற்கு மாதங்கள் ஆகும். இங்கே கீழ்ப்பகுதியைக் கழற்றியபோது உங்கள் மேஜை மேலேயே எல்லோரும் பார்த்தோம். உப்பு ஒரு பொட்டு இல்லை. ஆறு இதழ் இம்பெல்லரில் இரண்டு இதழ் அடியோடு இல்லை, மற்ற நான்கின் நுனி உருகிப் பளபளத்தது. அதன் அடியில் இருக்கும் ஸ்டீல் தட்டு சூட்டில் நீலம் பாரித்து வட்ட வட்டமாகக் கீறியிருந்தது. இது தண்ணீரில்லாமல் ஓடியதன் அடையாளம். உப்பு இப்படிச் செய்யாது. உங்கள் மெக்கானிக்குக்கே தெரியும், அவர் முகத்தில் தெரிந்தது. ஆனால் ரிப்போர்ட்டை எழுதியது அவர் இல்லை.

இம்பெல்லரை மாற்றினார்கள், காசும் வாங்கினார்கள். காணாமல் போன இரண்டு இதழ்களின் துண்டுகள் எங்கே? அவை மேலே நீர்க்குழாயில், தெர்மோஸ்டாட் வாயில் போய் உட்கார்ந்திருக்கும். அவற்றை எடுக்காமல் புது இம்பெல்லர் போடுவதில் அர்த்தமே இல்லை. தாரை இன்னும் நூல் மாதிரிதான் வருகிறது. சிலிண்டர் ஹெட்டைக் கழற்றிப் பார்க்கச் சொன்னதற்கு, "அது தனி ஜாப் கார்டு" என்றார்கள்.

அந்த மோட்டாரை உங்கள் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுவந்த பாடு தனி. "இன்னைக்கே கொண்டாங்க" என்று உங்கள் ஆள் சொன்னதால்தான் கத்திரி வெயிலில் வேலூரிலிருந்து கிளம்பியது. வாலாஜா, ஸ்ரீபெரும்புதூர் என்று டோல் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தால், கேட்டில் வாட்ச்மேன், "இன்னைக்கு மெக்கானிக் லீவு, பெட்டியோட ஒரிஜினல் பில் இல்லாம உள்ள விட மாட்டேன்" என்கிறார். பில்லைக் காட்டினால், மொபைலில் இருப்பது செல்லாது, அச்சிட்டுக் கொண்டுவா என்கிறார். 25 கிலோவுக்கு மேல் எடையுள்ள மோட்டார் வாசலிலேயே கிடந்தது. பிறகு உள்ளே எடுத்துப் போனவர்கள் அதைத் தப்பான பக்கம் படுக்க வைத்தார்கள். நான்கு ஸ்ட்ரோக் மோட்டாரை எந்தப் பக்கம் தரையில் படும்படி வைக்கலாம் என்று உங்கள் கையேடே படம் போட்டுக் காட்டுகிறது. தப்பாகப் படுத்தால் ஆயில் சிலிண்டருக்குள் இறங்கும். திரும்ப வந்தபோது முதல் ஸ்டார்ட்டில் வெள்ளைப் புகை, ப்ளக் முழுக்க எண்ணெய். இதுவும் நாங்கள் செய்ததா?

உங்கள் பக்கம் சொன்ன மாற்று வழிகளையும் குறிப்பிடுகிறேன். பின்பலகையை 5 அங்குலம் வெட்டிவிடுங்கள் என்றார் ஒருவர். பின்னாலிருந்து வரும் அலைக்கு இருக்கும் ஒரே தடுப்பு அதுதான். வெட்டினால் படகுக்குள் தண்ணீர் நேராக வரும். ப்ராக்கெட் போட்டுக் கீழே இறக்குங்கள் என்றார் இன்னொருவர். அப்படி இறக்கினால் மோட்டாரின் தலையும் சேர்ந்து இறங்கும், கார்புரேட்டர் சாரலில் நனையும். எக்ஸ்டென்ஷன் போட்டுத் தருகிறோம், செலவு உங்களுடையது என்றார் மூன்றாமவர். டிரைவ் ஷாஃப்ட், கியர் ராட், நீர்க்குழாய், நடுக் கூடு நான்கும் நீளமானதாக மாற வேண்டிய வேலை அது. தப்பு உங்களுடையது, செலவு எங்களுடையதா?

இதற்கிடையில் எங்கள் புகார் எண் "வாடிக்கையாளர் திருப்தி" என்று மூடப்பட்டிருக்கிறது. "பதிவு பண்ண ஓடிபி சொல்லுங்க" என்று கேட்டு வாங்கி, அதை வைத்தே மூடியிருக்கிறார்கள். இதைவிடப் பெரிய மோசடி இருக்க முடியாது.

உங்கள் மேல் எங்களுக்குப் பகை இல்லை. நல்ல மோட்டார் என்று நம்பித்தான் ஒன்றரை லட்சத்துக்கு மேல் கொடுத்தோம். மரியாதையாகக் கேட்கிறோம். இந்த ஷார்ட் ஷாஃப்ட் மோட்டாரை எடுத்துக்கொண்டு, ஆர்டர்படி 20 அங்குல லாங் ஷாஃப்ட் புது மோட்டார் தாருங்கள். இம்பெல்லருக்கும் லேபருக்கும் வாங்கிய பணத்தைத் திருப்புங்கள். ரிப்போர்ட்டில் உள்ள "ஃப்ளஷ் செய்யாததால்" என்ற வரியை எழுத்தில் நீக்குங்கள். சிரித்த அந்த ஆளிடமிருந்து மன்னிப்புக் கடிதம் வர வேண்டும், இதில் விட்டுக்கொடுக்க மாட்டோம்.

15 நாளுக்குள் பதில் வராவிட்டால் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்வோம். அதோடு நிற்காது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். வேலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு உங்கள் ஆட்கள் ஒவ்வொரு வாய்தாவுக்கும் வர வேண்டியிருக்கும். பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணமே கிடையாது. ஒரு கோடைகாலம் முழுவதும் நாசமானதற்கும், பிள்ளைகள் கடலையே வேண்டாம் என்று சொல்லும் நிலைக்கு வந்ததற்கும் 5 லட்சம் இழப்பீடு கேட்டாலும் குறைவு.

அந்த நிலைக்கு நீங்கள் விடமாட்டீர்கள் என்று நம்புகிறோம்.

மோட்டார் எங்கள் வீட்டில் ஸ்டாண்டில் நிமிர்த்தி வைக்கப்பட்டிருக்கிறது. எடுக்க வருகிறவர்கள் முன்கூட்டியே போன் செய்து, ஸ்டாண்டோடு வரவும். படுக்க வைத்து ஏற்ற அனுமதிக்க மாட்டோம். ஓடிபி எதுவும் தரப்பட மாட்டாது.

இணைப்பு: ஆர்டர் படிவம், இன்வாய்ஸ், டெக்னீஷியன் கையெழுத்திட்ட தாள், அளவு போட்டோக்கள், எரிந்த இம்பெல்லரின் போட்டோ, சர்வீஸ் ரிப்போர்ட் ஆகியவற்றின் நகல்கள். எரிந்த இம்பெல்லர் எங்களிடமே பத்திரமாக இருக்கிறது.

இப்படிக்கு,
வாடிக்கையாளர்,
சத்துவாச்சாரி, வேலூர்.