“அங்கேயோ?”

அன்பு மகள்,

கிழக்கு பெர்லினில், லிஷ்டன்பெர்க்கில் வீடு கிடைத்துவிட்டதென்று நீ சொன்னதும் "அங்கேயோ?" என்று கேட்டுவிட்டேன். அதற்குப் பிறகு நீ சரியாகக் கதைக்கவில்லை. அம்மாவும் முறைத்துக்கொண்டு திரிகிறாள்.

யோசித்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. பெர்லினில் நான் முதலில் கால் வைத்ததே கிழக்கில்தான். 1984இல் மொஸ்கோ வழியாக வந்து ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கினேன். கிழக்கு ஜெர்மன்காரர் விசா குத்தித் தந்து ஃபிரீட்ரிஷ்ஸ்ட்ராஸ ஸ்டேஷன் வழியாக மேற்குப் பக்கம் அனுப்பிவிட்டார்கள். மேற்குக்காரருக்கு அது எல்லையே இல்லையாம், அதனால் அந்தப் பக்கம் பாஸ்போர்ட் பார்க்க ஆளில்லை. சுவர் கட்டினவனே வழியும் விட்டான். அடுத்த வருடம் அந்த வழியும் எங்கள் ஆட்களுக்கு அடைபட்டது.

மேற்கில், வெடிங் பகுதியில் குடியேறி ஐந்து வருடத்தில் நானும் மேற்குக்காரன் ஆகிவிட்டேன். 1989 நவம்பர் 9 இரவு சுவர் திறபட்டு, கிழக்கிலிருந்து போர்ன்ஹோல்மர் பாலத்தால் சனம் அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் வந்தது. நாங்களோ வேலையிடத்துச் சமையலறையில் "இனி எங்கள் வேலை போச்சு" என்று கதைத்துக்கொண்டு நின்றோம். பிறகு கிழக்கில் மொட்டைத்தலைப் பெடியள் வெளிநாட்டவரை அடித்த காலம் வந்தது. இருட்டினால் அந்தப் பக்கம் போகாதே என்று ஆளுக்கு ஆள் சொன்னோம். அந்தப் பயம் பொய்யில்லை, மகள். ஆனால் காலம் மாறியும் நான் அதை விடவில்லை.

என்னோடு வேலை செய்த கிழக்குக்காரி ஒருத்தி, தன்னை "ஒஸி" (கிழக்குக்காரரைக் கேலியாகச் சொல்லும் பெயர்) என்று மற்றவர்கள் பகிடி பண்ணினால் சிரிப்பாள். ஓய்வூதியக் கதை வந்தால் மட்டும் சிரிக்கமாட்டாள். ஓய்வூதியத்தைக் கணக்கிடும் புள்ளியில், கிழக்கின் புள்ளிக்கு மேற்கின் பெறுமதி கிடைத்ததே 2023 ஜூலையில்தான். நாடு ஒன்றாகி 33 வருடம்!

அவர்களை ஏன் சொல்வான்? கிழக்கு அரசு ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவந்த வியட்நாம்காரர் இன்றும் லிஷ்டன்பெர்க்கில் டொங் சுவான் சந்தையைச் சுற்றி இருக்கிறார்கள். துருக்கிக்காரர் குரொய்ட்ஸ்பெர்க்கில். எங்கள் முருகன் கோயிலும் பிரிட்ஸில், அதுவும் மேற்குத்தான். வந்த சனமும் சுவர் பிரித்துவிட்ட இடத்திலேயே வேர் விட்டுவிட்டது.

சரி, ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். மேற்கில் 1967இல் நிறுத்தின டிராம், 1995இல் அதே போர்ன்ஹோல்மர் பாலத்தால் திரும்ப வெடிங்குக்கு வந்தது. எம்13 டிராமில் ஏறினால் மாறாமலே உன் பக்கம் வரலாமாம். இத்தனை வருடத்தில் ஒருநாளும் கடைசிவரை போனதில்லை. அம்மா மிளகாய்த்தூளும் கருவாடும் கட்டிவைத்திருக்கிறாள். எந்தத் தரிப்பில் இறங்க வேண்டும் என்று எழுது.

அப்பா