ஞாயிறு மாலை: மயாமி கடலடியைப் பார்த்து வரைவோம்

வணக்கம் நண்பர்களே. இந்த வாரம் பூச்சாடி, பழத்தட்டு எதுவும் வேண்டாம். ஞாயிறு மாலை 7 மணிக்கு மயாமி துறைமுகத்தின் அடியில் இருக்கும் ‘கோரல் சிட்டி கேமரா’வை நேரலையில் பார்த்தபடி வரையப் போகிறோம். அங்கே அப்போது காலை, வெளிச்சம் இருக்கும்.

2020-இல் இதைத் தொடங்கியது கோரல் மார்ஃபாலஜிக். கடல் உயிரியல் படித்த காலின் ஃபோர்டும் இசைக் கலைஞர் ஜே.டி. மெக்கேயும் சேர்ந்து நடத்தும் கலைக்கூடம் அது. கப்பல்கள் போய்வரும் கால்வாயோரம், கரைக்குக் கொட்டிய பாறையிலும் கான்கிரீட்டிலும் பவளம் தானாகவே ஒட்டி வளர்ந்திருக்கிறது. மூளைப் பவளத்தின் வளைவு நெளிவைக் கொஞ்ச நேரம் உற்றுப் பாருங்கள். கோலத்துக்குப் புள்ளி வைத்த கைகளுக்கு அது சட்டென்று பிடிபடும். நீல ஒளி பட்டால் சில பவளங்கள் பச்சையும் ஆரஞ்சுமாக ஒளிரும். அந்த நிறங்களைத்தான் இவர்கள் நகரக் கட்டடச் சுவர்களில் பெரிதாகத் திரையிட்டும் காட்டியிருக்கிறார்கள்.

மீன் நிற்காது, முழு உருவம் பிடிக்க மல்லுக்கட்டாதீர்கள். வால் திரும்பும் கோடு போதும். திருக்கை வந்தால் மட்டும் எல்லாவற்றையும் விட்டுவிட்டுச் சும்மா பாருங்கள்!

கறுப்புத் தாள், வண்ணச் சாக்பீஸ் இருந்தால் நல்லது. இணைப்பை அன்று 6.45-க்குப் போடுகிறேன். வருபவர்கள் கைதூக்கி விடுங்கள்.