ஆர்கெஸ்ட்ராவும் ஆர்க்கிட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழின் மாணவர் பக்கத்தில் வெளிவரும் ஆங்கிலச் சொற்பொருள் பகுதியில், சென்ற வாரம் 'ஆர்கெஸ்ட்ரா' என்பதற்கு 'இன்னிசைக் கச்சேரி' என்றும், 'ஆர்க்கிட்' என்பதற்கு 'ஒருவகைப் பூ' என்றும் பொருள் தரப்பட்டிருந்தது. தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் இவற்றை அப்படியே மனப்பாடம் செய்துவிடுவார்கள் என்பதால் இதை எழுதுகிறேன்.

எங்கள் வண்ணாரப்பேட்டை, காசிமேடு பக்கங்களில், ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் ஊற்றிய அன்று இரவு ஆர்கெஸ்ட்ரா உண்டு என்று நோட்டீஸ் ஒட்டினால், தெருவை அடைத்துப் போட்ட மேடையில் கீபோர்டு, ரிதம் பேடு, தபேலா சகிதம் சினிமாப் பாட்டுகள் பாடப்படும் என்று பொருள். தங்கள் பகுதியில் வந்த பொருளும் இந்தப் பழக்கத்திலிருந்தே வந்திருக்க வேண்டும். ஆங்கிலத்தில் அச்சொல் கச்சேரியை அல்ல, வாசிக்கும் குழுவையே குறிக்கும். வயலின் முதலான தந்தி வாத்தியங்கள், குழல்கள், பித்தளை ஊதுகருவிகள், தாள வாத்தியங்கள் எனப் பிரிவு பிரிவாக அமர்ந்து, கோல் பிடித்து நடத்துபவரின் கையசைவுக்கு வாசிக்கும் பெருங்குழு அது. பாடகர் இருந்தாக வேண்டும் என்பதில்லை. 2025 மார்ச்சில் இளையராஜாவின் சிம்பொனியை லண்டனில் வாசித்த ராயல் ஃபில்ஹார்மோனிக் கான்சர்ட் ஆர்கெஸ்ட்ரா அத்தகையது. சொல்லின் கிரேக்க மூலமோ இசையை விட ஆட்டத்துக்கு நெருக்கமானது: பண்டைய கிரேக்க அரங்கில் கோரஸ் குழுவினர் ஆடிப் பாடிய களத்துக்கே அப்பெயர் இருந்தது. அமெரிக்க அரங்குகளில் மேடைக்கு எதிரே உள்ள தரைத்தள இருக்கைகளுக்கும் இன்று அதே பெயர்தான். டிக்கெட்டில் அதைப் படிக்கும் நம்மவர் வாத்தியக்காரர்களோடு உட்கார வேண்டுமோ என்று திகைக்கக்கூடும்.

'ஆர்கெஸ்ட்ரேட்' என்ற வினைச்சொல்லுக்கு இசைக்கோர்ப்பு செய்தல் என்ற பொருளோடு, திரைமறைவில் இருந்து திட்டமிட்டு நடத்துதல் என்ற பொருளும் உண்டு. ஆங்கிலச் செய்தித்தாள்களில் கலவரத்தோடும் சதியோடும் சேர்ந்து வருவது இந்த இரண்டாவது பொருளே. தாங்கள் அதைத் தொடவே இல்லை.

ஆர்க்கிட் என்பது கல்யாண மண்டப அலங்காரத்தில் நாம் பார்க்கும் அந்த ஊதாப் பூ மட்டுமல்ல. ஏறத்தாழ 28,000 இனங்கள் கொண்ட தாவரக் குடும்பம் அது. வனிலா காய்க்கும் கொடியும் அதில் அடக்கம். கிரேக்கத்தில் 'ஆர்க்கிஸ்' என்றால் ஆணின் விரை. அந்நிலத்து ஆர்க்கிட் செடிகளின் வேரடியில் இரட்டையாக இருக்கும் கிழங்குகளைப் பார்த்து வைத்த பெயர். மாணவர் பக்கம் என்று கூச்சப்பட்டு இதை விட்டிருந்தால் அது தேவையற்றது. நாளை ஸ்டான்லியில் மருத்துவம் படிக்கப்போகும் பிள்ளை, பொன்னுக்கு வீங்கி கண்ட ஆண்கள் சிலருக்கு வரும் விரை வீக்கத்தை 'ஆர்க்கைட்டிஸ்' என்று அதே வேரிலிருந்துதான் படிக்கப்போகிறது. பழத்தோட்டத்தைக் குறிக்கும் 'ஆர்ச்சர்டு' இவற்றுக்கு அகரவரிசையில் அண்டை வீடு, அவ்வளவே, உறவு இல்லை.

இனி வரும் வாரங்களில் சொற்களைக் குறைத்துக்கொண்டாலும், ஒவ்வொன்றுக்கும் அது வழங்கும் ஒரு வாக்கியத்தையேனும் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை.