தமிழில் படிக்கும் குழந்தையைத் தமிழில் சோதியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, டிஸ்லெக்ஸியா (எழுத்துகளை வாசிப்பதில் ஏற்படும் இடர்ப்பாடு) உள்ளிட்ட கற்றல் குறைபாடுகளை 21 வகைக் குறைபாடுகளுள் ஒன்றாகச் சேர்த்ததோடு, அவற்றைக் குழந்தைகளிடம் இயன்றவரை விரைவில் கண்டறிய வேண்டும் என்றும் கூறுகிறது. அந்தக் கண்டறிதல் எந்த மொழியில் நடக்கிறது என்பதே என் கவலை.

கடலூரில் எனக்குத் தெரிந்த, தமிழ்வழியில் மூன்றாம் வகுப்பு படிக்கும் சிறுவன் ஒருவனுக்குத் தனியார் மையம் ஒன்றில் நடந்த வாசிப்புச் சோதனை முழுவதும் ஆங்கிலத்திலேயே இருந்தது. வீட்டில் ஆங்கிலமே புழங்காத அந்தப் பிள்ளை தடுமாறியது குறைபாட்டாலா, பழக்கமின்மையாலா என்பதை அந்த அறிக்கையைக் கொண்டு எவராலும் சொல்ல முடியாது.

தமிழ் எழுத்து தரும் சுமை வேறு. கெ, கே, கை ஆகியவற்றில் பின்னால் ஒலிக்கும் உயிருக்கான குறி மெய்க்கு முன்னால் நிற்கிறது. கொ, கோ ஆகியவற்றில் இருபுறமும் நிற்கிறது. எழுத்துக்கும் ஒலிக்கும் பெரும்பாலும் நேரான தொடர்பு இருப்பதால், டிஸ்லெக்ஸியா உள்ள குழந்தை எழுத்துக் கூட்டிச் சரியாகவே வாசித்துவிடக்கூடும். ஆனால் வேகம் வராது, வரியை முடிப்பதற்குள் அதன் தொடக்கம் மறந்துபோகும். பிழைகளை மட்டும் எண்ணும் ஆசிரியரின் கண்ணுக்கு இது தப்பிவிடும். மாறாக, ல, ள, ழ மயக்கமும் ன, ண மயக்கமும் பேச்சு வழக்கால் பெரும்பாலான பிள்ளைகளுக்கு வருபவை. அவற்றை மட்டும் கண்டு பெற்றோர் அஞ்ச வேண்டியதில்லை.

இந்திய மொழிகளில் சோதிப்பது இயலாத செயலன்று. மானேசரில் உள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையம் உருவாக்கிய ‘டாலி’ என்னும் சோதனைத் தொகுப்பு இந்தி, மராத்தி, கன்னடம் ஆகியவற்றுக்கென 2015இலேயே வந்துவிட்டது.

கற்றல் குறைபாட்டைச் சோதிக்குமுன் பார்வையையும் செவித்திறனையும் பரிசோதிக்க வேண்டும் என்பதை மருத்துவர்கள் அறிவர். மத்திய அரசின் 2018 வழிகாட்டுதல்கள் 8 வயது நிறைந்த பிறகே கற்றல் குறைபாட்டுக்கான சான்றிதழ் என வரையறுத்தன. அந்த வயது சான்றிதழுக்கானதே ஒழிய உதவிக்கானது அன்று. இரண்டாம் வகுப்பிலேயே பின்தங்கும் பிள்ளைக்கு வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியர் அப்போதே பயிற்சியைத் தொடங்கலாம்.

ஆகவே, கடலூர் மாவட்டக் கல்வித் துறையும் நலவாழ்வுத் துறையும் இணைந்து, தமிழ்வழிப் பிள்ளைகளின் வாசிப்பு வேகத்தையும், பொருளற்ற புதுச் சொற்களை வாசிக்கும் திறனையும், சொல்வதை எழுதும் திறனையும் தமிழில் சோதிக்க ஏற்பாடு செய்ய வேண்டும். எந்த மொழியில் சோதனை நடந்தது என்பதை ஒவ்வோர் அறிக்கையிலும் எழுதுவதைக் கட்டாயமாக்கவும் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொடக்கப் பள்ளி ஆசிரியர்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.